திமோவின் தோளில் பொன்னாடை

பல்கேரியாவில் வர்ணா நகரத்து ஒப்பெரா அரங்கில் இருபது வருடம் இசைக்குழுவை நடத்தியவர் திமோவ். ஆட்சி மாறிச் சம்பளமும் நின்றுபோக, டொரொன்டோவுக்கு வந்து பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். வோபர்னில் பக்கத்து வீட்டு ஜோசப்பின்தான் அவரைத் தன் மாதா கோவிலின் தமிழ்ப் பாடகர் குழுவுக்குக் கூட்டிவந்தாள்.

1994 கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு ஒப்பெராக் கம்பனி ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். உதவி இசை நடத்துநர் வேலைக்கு ஆள் தேடுகிறவர். அவர் வரவேண்டுமென்று திமோவ் எத்தனையோ தரம் தொலைபேசியில் கெஞ்சியிருந்தார்.

பிரதம விருந்தினராக வந்த எம்.பி.யின் பேச்சு முடிந்து பாட்டுத் தொடங்கியது. தூங்கி வழிந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். பாதியில், மேடையோரம் நின்ற, விழாவை நடத்திய சங்கத்தின் தலைவர் பஸ்ரியன், வரிசையின் விளிம்பில் பாடிக்கொண்டிருந்த ஜோசப்பினைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"பிள்ளை, எம்.பி. வெளிக்கிடப்போறார். அவர் நிக்கேக்கையே மாஸ்ரருக்கு இந்தப் பொன்னாடையைப் போர்த்திவிடு."

"பாட்டு முடியேல்லை அண்ணை."

"உது முடிய விடிஞ்சிடும்! வீடியோக்காரனும் றெடி. மரியாதை தெரியாத சனமெண்டு வெள்ளைக்காரன் நினைக்கப்போறான், போ!"

பெரியவர்கள் சொல்லைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. போனாள். உயர்ந்து நின்ற திமோவின் கைகளின்மேல் சரிகைத் துணி விழுந்தது. இசை நடத்தும் கோல் அதற்குள் சிக்கிக்கொண்டது. குரல்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. மண்டபம் எழுந்து கைதட்டியது. முடிந்துவிட்டதென்று நினைத்து அந்தப் பெண்மணியும் தட்டினார், கோட்டை எடுத்துக்கொண்டார்.

அத்தனை குரலும் ஒரே மூச்சாக அடங்குகிற இடம் இனித்தான் வரவிருந்தது. மாதக்கணக்காகத் திமோவ் பழக்கியது அதைத்தான்.

ஜோசப்பின் சேலையோடு பனிக்குள் ஓடினாள்.

"இன்னும் பாட்டு இருக்கிறது, தயவுசெய்து..."

"மிக அழகாக இருந்தது. மிசிசாகாவரை ஓட்டவேண்டும், வீதி மோசம்," என்று சொல்லி அவர் கார்க் கதவைச் சாத்தினார்.

திரும்பிவந்தபோது திமோவ் பொன்னாடையுடன் மேடைக்குப் பின்னால் நின்றார்.

"பிழையாகப் பாடினோமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எங்கள் அரங்கில் பிழை விட்டால்தான் நடுவில் நிறுத்துவார்கள்."

"இல்லை. இது எங்கள் மரியாதை." சொல்லும்போதே அவள் முகம் எரிந்தது.

"அந்தப் பெண்மணிக்குப் பிடித்ததா?"

"மிகவும் பிடித்ததாம்."

திமோவ் ஒரு அடி கிட்ட வந்தார். "எந்த இடம்?"

"தொடக்கம்," என்றாள்.

"தொடக்கமா?" பொன்னாடையை மெல்லக் கழற்றி மடித்தார். "அதை யாரும் நடத்தலாமே."