சாம்பல் நீலம்

அந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஷோனாவுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சாப்பாட்டு மேசையில் நிற அட்டைகளைப் பரப்பினாள். பாசிப் பச்சை, செம்பழுப்பு, திராட்சை நிறம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டிப் போன விரல், சாம்பல் கலந்த ஒரு நீலத்தில் போய் நின்றது. அதற்குத் துணையாகப் பாலேட்டு வெள்ளை. கல்யாணத்தில் தோழிகளின் கவுன், மாப்பிள்ளையின் டை, மேசைத் துணி, பூங்கொத்தைக் கட்டும் ரிப்பன் எல்லாமே இந்த இரண்டு நிறங்களுக்குள்தான்.

"எப்படி இருக்கு?" என்று ஈவனைக் கேட்டாள்.

அவன் அட்டையை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நல்லா இருக்கு."

"பிடிச்சிருக்கா, இல்ல ஆளை விட்டா போதும்னு சொல்றியா?"

"பிடிச்சிருக்கு ஷோனா. நெஜமாத்தான்."

ஈவனுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி கிர்ஸ்டி புற்றுநோயில் இறந்துபோனாள். மக்டஃப் என்ற கடலோர ஊரின் துறைமுகத்தில் படகு இன்ஜின்களைப் பழுதுபார்ப்பது அவன் தொழில். டண்டீ நகரில் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்த ஷோனா, போன வருட வசந்தத்தில்தான் அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அதற்கு முன்பே கிர்ஸ்டியின் படங்களை எல்லாம் அவன் தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டான். ஷோனாவும் அவற்றைக் காட்டச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஈவனின் அம்மா எல்ஸ்பெத்திடம் அட்டைகளைக் காட்டினாள். அவர் அட்டையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "அழகா இருக்கு கண்ணு. இரு, டீ போட்டுக் கொண்டாரேன்" என்று உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை.

அந்த வாரம் இருவரும் வரவேற்புக்காக ஓட்டல் ஹாலைப் பார்க்கப் போனார்கள். ஓட்டலை நடத்தும் மொய்ரா வாய் ஓயாத பெண். அட்டையைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, பழையபடி அதே நிறந்தானா! அன்னிக்கு இந்த ஹாலைப் பாக்கணுமே. அந்தப் படியில கிர்ஸ்டி எறங்கி வந்தப்போ, ஈவன், நீ அழுதியே..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள். கை வாய்க்குப் போனது. "ஐயோ, நான் ஒரு மடச்சி. மன்னிச்சுக்கோம்மா."

"பரவாயில்லைங்க" என்று ஷோனா சிரித்தாள். பல் பிடுங்க வந்தவர்களிடம் சிரித்துப் பழகிய சிரிப்பு அது. பிறகு நாற்காலிகளைப் பற்றிக் கேட்டாள், கார் நிறுத்த இடம் போதுமா என்று கேட்டாள். ஈவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

காரில் ஏறியதும் கேட்டாள். "மறந்துட்டியா, இல்ல சொல்லலியா?"

"மறக்கல."

"அப்புறம்?"

"நீ அவ்வளவு சந்தோஷமா காட்டின. வேண்டாம்னா ஏன்னு கேப்ப."

"கேட்டா சொல்ல வேண்டியதுதானே?"

மழை கண்ணாடியில் வழிந்தது. அவன் வண்டியைக் கிளப்பவில்லை. "இன்னொரு தடவை பாக்கலாம்னு தோணிச்சு" என்றான் மெதுவாக. "அந்த மேசைங்க, அந்தப் பூவு, எல்லாம். தப்புன்னு தெரியும். ஆனா தோணிச்சு."

"கல்யாணத்தன்னிக்கு நீ என்னைப் பாத்திருப்பியா, அவளைப் பாத்திருப்பியா?"

அவன் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினான். பொய் சொல்ல வராத மனிதன். அதற்காகத்தான் அவனை அவளுக்குப் பிடித்தது.

வீட்டுக்கு வந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தபோதுதான் அவள் சமையலறைச் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். அதே நீலம். ஒரு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு காலையும் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துதான் ரொட்டி தின்றிருக்கிறாள். அட்டைகளைப் பரப்பியபோது விரல் தானாக அந்த நிறத்தில் போய் நின்றதில் என்ன ஆச்சரியம்?

மறுநாள் எல்ஸ்பெத் வீட்டுக்குத் தனியாகப் போனாள். "சமையக்கட்டுக்கு யாரு பெயின்ட் அடிச்சது?"

"கிர்ஸ்டிதான். படுக்கையில விழறதுக்கு முந்தின கோடையில. நானும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு நின்னேன்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்." எல்ஸ்பெத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன்கிட்ட சொன்னேன், 'அவகிட்ட சொல்லிடுடா'ன்னு. அவன் கேக்கல. நானும் விட்டுட்டேன். நானும் அந்தப் பொண்ணைப் பறிகொடுத்தவதானே, ஷோனா?"

ஷோனா எழுந்தாள். அவர் தோளைத் தொட்டுவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் ஈவனிடம் சண்டை போடவில்லை. அட்டைகளைக் கட்டாகக் கட்டி அவன் கையில் கொடுத்தாள். "இந்தத் தடவை நீ எடு. என்னை நெனச்சுக்கிட்டு எடு. எதுவா இருந்தாலும் எனக்குச் சரி."

அவன் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. அட்டைகளைப் பட்டறைக்குக் கொண்டுபோனான், திரும்பக் கொண்டுவந்தான். ஓரங்களில் கிரீஸ் கறை ஏறியது. சாப்பிடும்போது அவள் முகத்தை உற்றுப் பார்ப்பான், பிறகு தட்டைப் பார்ப்பான். இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம் கைகூடக் கழுவாமல் வந்து ஓர் அட்டையை அவள் முன் வைத்தான். மஞ்சள். வெண்ணெய்போல வெளிறிய மஞ்சள்.

மஞ்சளை ஷோனா உடுத்தியதே இல்லை. ஆனாலும் அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. இத்தனை நாளில் தன்னிடம் அப்படி ஒரு வெளிச்சத்தை இவன் பார்த்திருக்கிறானா?

"ஏன் மஞ்சள்?" என்றாள் ஆசையாக.

"கிர்ஸ்டிக்கு மஞ்சள்னாலே ஆகாது. வீட்டுக்குள்ளயே சேக்க மாட்டா. அதனாலதான், இது உனக்கு மட்டும்னு..."

பாதியில் நின்றுவிட்டான். தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்துவிட்டது.

ஷோனா அட்டையைத் திருப்பி வைத்தாள். "எனக்கு எந்த நிறம் பிடிக்காது, சொல்லு."

அவன் யோசித்தான். உண்மையாகவே முயன்று யோசித்தான். அதைப் பார்ப்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"தெரியல" என்றான்.

"சரி."

"கொஞ்சம் டைம் குடு ஷோனா."

"குடுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நான் இங்க உக்காந்து காத்துக்கிட்டிருந்தா அது உனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல."

மொய்ராவுக்கு அவளே போன் செய்து, கல்யாணம் இல்லை, ஹால் வேண்டாம் என்றாள். மொய்ரா அழுதாள், ஷோனாதான் தேற்றவேண்டியிருந்தது. கல்யாணம் நடக்கவேண்டிய அக்டோபர் வருவதற்குள் அவள் டண்டீக்குப் போய்விட்டாள். ஈவன்தான் பெட்டிகளைப் பஸ்ஸில் ஏற்றினான். "போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணு" என்றான். பண்ணினாள்.

அக்கா வீட்டுப் பின்னறையில் தங்கி வேறொரு பல் மருத்துவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈவன் கூப்பிட்டான். கடல் எப்படி இருக்கிறது, அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று பேசுவான். சாப்பிட்டியா என்று கேட்பான். கிறிஸ்துமஸ் தாண்டியதும் அழைப்பு ஒரு வாரம் தவறியது, பிறகு இரண்டு வாரம். ஒரு ஞாயிறு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். அது அடிக்கவில்லை. அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். எழுந்து போனாள்.