ஹீலியத்துக் குடித்தனம்

ஹீலியம் வீட்டில் எலக்ட்ரான்கள் இரண்டு பேர்தான் குடியிருக்க முடியும். ஒரு தெருவில் இருந்த ஹீலியத்தில் ஆவுடையப்பனும் அவர் மனைவி செங்கமலமும் இருந்தார்கள். எதிரே ஆர்கான் வீடு. அங்கே பதினெட்டுப் பேர் கூட்டுக்குடும்பம். காலையில் குளியலறைக்கு வரிசை நிற்கும். ஹீலியத்தில் அந்தத் தொல்லை இல்லை. வீட்டின் நடுவே அணுக்கரு இருந்து இருவரையும் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தது. மற்றபடி, ஒருவரை ஒருவர் தள்ளுவதுதான் அவர்கள் இயல்பு. கல்யாணமான புதிதிலேயே இருவருக்கும் இது தெரியும்.

செவ்வாய்க்கிழமைகளில் தெருவழியே லேசர் ஒளி வரும். நம் கணக்கில் கண் சிமிட்டும் நேரம்தான், அவர்களுக்கு அது ஒரு காலைப்பொழுது. அதற்குள் கிழக்கே இழுக்கும், மேற்கே இழுக்கும், மறுபடி கிழக்கே இழுக்கும். கிழக்கே இழுக்கையில் வீட்டுச் சுவர் நனைந்த அப்பளம் மாதிரி ஆகிவிடும். யாராவது ஒருவர் அதன் வழியே வெளியே போய்விடுவார். மேற்கே இழுக்கையில் போனவர் வேகமாகத் திரும்பி வருவார். அதனால் அந்தத் தெருவில் யாரும் “போறேன்” என்று சொல்வதில்லை. “போயிட்டு வாரேன்” என்பார்கள். உள்ளே இருப்பவர் “போயிட்டு வா” என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு போனவரைத்தான் ஒளி நேராக வாசலுக்குக் கொண்டுவந்து விடும்.

அன்று லேசர் வந்தபோது ஆவுடையப்பன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுவருக்குள் பாதி போய்விட்ட செங்கமலம், “போயிட்டு வாரேங்க” என்றாள்.

அவர் தலை நிமிராமல், “ம்” என்றார்.

அவள் போனதும் வீடு அவரை இறுக்கிப் பிடித்தது. இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்த பிடியை எல்லாம் இப்போது அவர் ஒருவர்மேலேயே வைத்தது. அவரும் சுவர்வழியே போய்விடப் பார்த்தார். ஒளி சட்டையைப் பிடித்து இழுத்ததில் ஒரு பொத்தான் மட்டும் தெருவில் போய் விழுந்தது. வெறும் ஒளியால் அவரை அசைக்க முடியவில்லை.

ஒளி மேற்கே திரும்பியது. செங்கமலம் வந்தாள், ஆனால் தெருமுனையோடு விலகிப் போனாள். சேலைக்கரை மட்டும் தெரிந்தது. அடுத்தமுறை சன்னலை ஒட்டியே போனாள்.

“சாப்பிட்டீங்களா?”

“இல்ல.”

அதற்குள் கடந்துவிட்டாள். அவள் முகம் போன இடத்தை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்திலேயே இருந்த காலத்தில் அந்த முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஆர்கான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இசக்கியம்மா எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணாச்சி, மதினி வந்து வந்து போறாங்க, உள்ள வரலியே?”

“அவளும் வரத்தான் பாக்கா.”

“போயிட்டு வான்னு சொன்னீங்களா?”

“ம்-ன்னேன்.”

“நல்லாருக்கு. வெறும் ‘ம்’முக்கு யாரு வருவா? எங்க வீட்ல நாலு பேர் மறந்தாலும் அஞ்சாவது ஆளு சொல்லிரும். உங்களுக்கு நீங்க ஒருத்தர்தான.”

“இப்பச் சொன்னா ஆகுமா?”

“சொல்லிப் பாருங்க. ஆனா நேரா வந்தாங்கன்னா பலமா வருவாங்க, ஒதுங்கிக்கிடுங்க. எங்க சின்ன மாமனார் ஒதுங்காம நின்னுதான், வந்தவரு இடிச்ச இடியில ரெண்டு பேருமாப் போய்ச் சேந்தாங்க. வீடு விட்டுருச்சு. அப்புறம் வேற ரெண்டு பேர் குடி வந்தாங்க.”

ஆவுடையப்பன் பேப்பரை மடித்து வைத்தார். ஒளி வலுவிழந்துகொண்டிருந்தது, இன்னும் ஒரு திருப்பம் இருந்தால் அதிகம். சுவரில் வாயை வைத்து, “போயிட்டு வா, செங்கமலம்” என்றார். சொல்லி முடித்த பிறகும் உதடு சுவரிலேயே இருந்தது.

ஒளி திரும்பியது. இந்தமுறை அவள் தெருவின் நடுவே நேராக வந்தாள்.

“ஒதுங்குங்க, இடிச்சிருவேன்.”

அவர் வாசலுக்கு நேரே வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

கொண்டுவந்த வேகம் பூராவையும் அவள் அவர்மேல் போட்டாள். வீட்டின் பிடி விட்டுப்போனது. இருவரும் வெளியே வந்து விழுந்து, ஒளி கடைசியாக இழுத்த பக்கம் சேர்ந்து போனார்கள்.

“வலிக்குதா?”

“நல்லாத்தான் இடிச்ச.”

அவர் கையை நீட்டினார். நீட்டிய அளவுக்கு அவள் கை தள்ளிப் போனது. அவளும் நீட்டினாள், அவர் தள்ளிப் போனார். நடுவே பிடித்து வைக்க இப்போது அணுக்கரு இல்லை. இடையில் ஓர் ஆள் நடக்கிற இடம் விட்டு, கைகளை நீட்டியபடியே இருவரும் ஒரே திசையில் போனார்கள்.

“வீட்டைப் பூட்டினீங்களா?”

“இல்ல.”

திரும்பிப் பார்த்தார்கள். காலியான வீடு, ஒளி தள்ளியதில், எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. வழியில் யாரோ இரண்டு பேர் மூட்டையோடு நின்று கைகாட்ட, ஓரமாக நின்று அவர்களை ஏற்றிக்கொண்டது. ஏறியதும் ஒருவர் சன்னலைச் சாத்தினார். வீடு ஹாரன் அடித்துவிட்டு நகர்ந்தது.