கவுஸ் பாயின் டீயில் மூணு ஸ்பூன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருந்துக்கடையில் கிடைத்தது, கண்ணுகளா. நல்லம்பள்ளியில் முழங்கால் தைலம் வாங்க நின்றிருந்தேன். பக்கத்தில் புர்கா போட்ட அம்மா ஒருத்தி, கையில் டப்பாவோடு கடைக்காரப் பெண்ணிடம் குனிந்து, "இதச் சாப்பிட்டா காத்து பிரியுமாங்க?" என்று கேட்டாள். ரகசியமாய்க் கேட்டதாகத்தான் நினைத்தாள். கடை முழுக்கக் கேட்டுவிட்டது. யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அந்த முகத்துக்காகத்தான் எழுதுகிறேன். பெயர், வீடு, புருஷன் எல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "மனிதக் குடல் என்பது கோடானுகோடி..."

வேண்டாம். கேட்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

இரண்டாவது: நசீம் பானுவின் புருஷன் முகம்மது கவுஸ், எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். நெஞ்சுச் சளிக்கு இருபது நாள் ஊசியும் மாத்திரையுமாய்க் கிடந்து எழுந்தார். சளி போனது, வயிறு கெட்டது. நாலு நாளைக்கு ஒருமுறை வெளியே போனால் அதிசயம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் மெஹ்ஜபீன் ஒரு டப்பா அனுப்பினாள். சிக்கரி வேரிலிருந்து எடுத்த சர்க்கரைப் பொடி. போனில் விளக்கமும் சொன்னாள்.

"அம்மி, இது அப்பாவுக்கு இல்ல. அப்பா வயித்துல இருக்கற நல்ல கிருமிக்குச் சாப்பாடு."

"உங்கப்பனுக்கு ஆக்கிப் போட்டது பத்தாதா, கிருமிக்கு வேற ஆக்கணுமா?"

"வெங்காயத்துல, பூண்டுல இருக்கறதும் இதான். இத்தன வருஷமா போட்டுட்டுதான இருக்கீங்க. ஆனா முதல்ல அரை ஸ்பூன், அம்மி. அரைதான்!"

(இந்தச் சர்க்கரை நம் சிறுகுடலில் செரிக்காது. அப்படியே பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே கிருமிகள் அதைத் தின்னும், தின்றால் காற்று விடும். வயிறு பழகும்வரை கொஞ்சமாய்த்தான் கொடுக்க வேண்டும். இதையே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். இவ்வளவு போதும்.)

3

மருந்து என்றாலே கவுஸ் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் சொல்லாமல், டீயில் சர்க்கரைக்குப் பதிலாக அதைப் போட்டாள் நசீம்.

"இது டீயா, சுடுதண்ணியா?"

இன்னொரு ஸ்பூன்.

"இப்பவும் சப்புனு இருக்குது."

இன்னொன்று. இனிப்பில் இது சர்க்கரைக்குப் பாதிகூட வராது என்று அவளுக்குத் தெரியாது. அவர் நாக்கு சரி என்கிற வரைக்கும் போடுவதுதான் அவள் அளவு. ஒரு டீக்கு மூணு ஸ்பூன். மதியத்துக்குள் மூணு டீ.

அன்று வெள்ளிக்கிழமை. படுத்து எழுந்தபின் அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போகும் முதல் நாள்.

4

(பள்ளிவாசலுக்குள் நடந்ததை எழுதி, கிழித்துவிட்டேன். சிரிப்புக்காக ஒரு மனுஷனை அங்கே நிறுத்த மனசு வரவில்லை.) காற்றுப் பிரிந்தால் ஒளூ முறிந்துபோகும். எழுந்து போய்த் திரும்பவும் முகம், கை, கால் கழுவி வர வேண்டும். கவுஸ் மூன்று முறை எழுந்து போனார். மூன்றாம் முறை வந்தபோது தொழுகை முடிந்திருந்தது.

"பக்கத்துக் கடைத் தௌபிக் என்ன சொல்றான் தெரியுமா? டேங்க்கு தண்ணிய நானே காலி பண்ணிட்டனாம்."

"அவன் கெடக்கறான் விடுங்க."

"சிரிக்கற விஷயமில்ல நசீம். வவுத்துல பெருசா என்னமோ வந்திருக்குது. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஆறே மாசம். இனிமே நான் வூட்லயே தொழுதுக்கறேன்."

நசீம் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். மருந்துக்கடையில் அப்போதுதான் நான் அவளைப் பார்த்தது.

"எத்தன ஸ்பூன் போட்டீங்க?" என்றாள் கடைக்காரப் பெண் பானுமதி.

"ஒம்பது."

"ஒரே நாள்லயா! நல்லதுன்னு கொட்டுனா வயிறு என்னங்க பண்ணும்? ரெண்டு நாள் நிறுத்துங்க. அப்புறம் அரை ஸ்பூன். அப்பவும் சரியாகலன்னா டாக்டர்கிட்ட காட்டிருங்க."

5

முடிவு அ: நசீம் வாயே திறக்கவில்லை. அரை ஸ்பூன் பொடி, மீதிக்குப் பழைய சர்க்கரை. ஒரு மாதத்தில் வயிறு சீராகிறது. தொழுது கேட்ட துஆ பலித்தது என்கிறார் கவுஸ். ஆனால் அந்த ஒரு மாதமும் அவர் தினம் தினம் தன் அப்பாவை நினைத்துக்கொண்டு படுக்கிறாரே? அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: சொல்லிவிடுகிறாள். அவர் டம்ளரைத் தள்ளி வைத்து, "இத்தன வருஷத்துல இன்னும் என்னென்ன கலந்திருக்கே?" என்கிறார். அதற்குமேல் என் பேனா ஓடவில்லை.

6

இப்போது சாயங்காலம். அடுப்பில் பால். கூடத்திலிருந்து கவுஸ் கேட்கிறார்:

"நசீம், நான் மௌத்தாயிட்டா நீ மெஹ்ஜபீன்கிட்ட போயிருவியா?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். "ஏங்க..." என்கிறாள்.

அந்த வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுங்கள், கண்ணுகளா. மெதுவாகச் சொல்லுங்கள். அவர் பயந்துபோயிருக்கிறார்.