மூன்றரை நிமிடம் சும்மா நின்றவர்

ஆலைக்கு ஆலோசகர் ஒருவர் வரப்போகிறார் என்று தெரிந்த அன்றே, பீப்பாய்ப் பிரிவில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு வேலை போகப்போகிறது என்பதும் தெரிந்துவிட்டது. ஆட்களை அதிகப்படுத்தச் சொன்ன ஆலோசகரை இதுவரை யாரும் கண்டதில்லை.

ஆலை என்பது முதலாளி தன் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்ட சொல். உண்மையில் அது தகரக் கூரை போட்ட கொட்டகை. நான்கு தொட்டிகள், காயவே காயாத தரை, ஊறிய தானியத்தின் வாடை. கடைசி மூலையில் பீர் பீப்பாய் நிரப்பும் இடம். மச்சினன் காலிப் பீப்பாய்களைக் கழுவி, காஸ் ஏற்றித் தள்ளிவிடுவான். அவன் அக்காவைக் கட்டிய மாமா அவற்றில் பீர் நிரப்புவார். மச்சினனை இங்கே சேர்த்துவிட்டது மாமாதான். அதாவது, மாமாவின் மனைவி.

பீப்பாய் நிரப்புவது குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி இல்லை. உள்ளே அடைத்த காஸைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டால்தான் பீர் அலுங்காமல் ஏறும். அவசரப்பட்டால் நுரைதான் ஏறும். மாமா வால்வை லேசாகத் திறந்துவிட்டு, பீப்பாயின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். பீர் ஏற ஏற எஃகு சில்லிட்டுக்கொண்டே வரும். சில்லிப்பு பீப்பாயின் கழுத்தைத் தொட்டதும் அடைப்பார். மூன்றரை நிமிடம். அவ்வளவு நேரமும் அவர் முகத்தில், உலகத்தின் தாகத்தையே தான் ஒருவர்தான் தீர்ப்பதுபோல ஒரு களை இருக்கும்.

"ஏங்க, தம்பிக்கு வேலை போச்சுன்னா பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு நேரா இங்கதான் வருவான்" என்றாள் மனைவி. "இந்த ஹால்ல எங்க படுக்க வைக்கிறது?"

"எனக்குப் போச்சுன்னா?"

"உங்களை எப்படி அனுப்புவாங்க? உங்களை விட்டா அங்க யாருக்கு ரொப்பத் தெரியும்?"

பதினோரு வருடமாக அவர் வீட்டில் அளந்துகொண்டிருந்ததைத்தான் அவள் திருப்பிச் சொன்னாள். மறுக்க வழியில்லை. மறுக்க ஆசையும் இல்லை.

மறுநாள் மச்சினனைத் தனியே கூப்பிட்டார். "மாப்ளே, அந்த ஆளு இருக்கிற வரைக்கும் உன் கை ஓயக் கூடாது. கழுவினதையே திரும்பக் கழுவு."

"அதுவும் முடிஞ்சிட்டா மாமா?"

"தரையைக் கழுவு. அதுவும் முடிஞ்சா மூஞ்சியக் கழுவு. சும்மா மட்டும் நிக்காத."

ஆலோசகர் மஞ்சள் ஹெல்மெட்டோடு வந்தார். அந்தக் கொட்டகையில் தலையில் விழக்கூடியது ஒரு டியூப்லைட் மட்டும்தான். கழுத்தில் ஸ்டாப்வாட்ச். "நான் உங்க எதிரி இல்ல. நேரம்தான் நம்ம எல்லாருக்கும் எதிரி" என்றார்.

"டீ நேரமுமா சார்?" என்றான் மச்சினன். ஆலோசகர் அதையும் குறித்துக்கொண்டார்.

மூன்று நாள் மச்சினன் பம்பரமாய்ச் சுழன்றான். அவன் ஓட்டம் எடுப்பாகத் தெரியட்டும் என்று மாமா வழக்கத்தைவிட நிதானமாக, வழக்கத்தைவிடக் கம்பீரமாக நின்றார்.

அடுத்த வாரம் அறிக்கை வந்தது. கழுவுபவரின் வேகம் மிகச் சிறப்பு. நிரப்புபவர் வேலை நேரத்தில் பெரும்பகுதி பீப்பாயைத் தடவிக்கொண்டு நிற்கிறார். அந்த வேலையைக் கழுவுபவரே கூடுதலாகப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலாளி மாமாவுக்குச் சால்வை போர்த்தினார். "நீங்க இந்த ஆலையோட தூண்" என்றார். தூணும் நிற்கத்தானே செய்கிறது. அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு வேலையும் தலையில் விழுந்த மச்சினன் வால்வை முழுசாகத் திறந்தான். ஐம்பது நொடிக்கு ஒரு பீப்பாய். ஆலோசகர் கைதட்டினார். மாமாவின் வீட்டுப் பக்கம் வருவதை மச்சினன் நிறுத்திக்கொண்டான். மனைவி குழம்பில் உப்பை மறந்தாள். மாமா அதைச் சொல்லாமல் சாப்பிட்டார்.

பத்தாம் நாள் முதலாளி போன் பண்ணினார். பார்களிலிருந்து பீப்பாய்கள் திரும்பி வருகின்றனவாம், பாதிக்குப் பாதி நுரை. "ஒரு நாள் வந்து அவனுக்குக் காட்டிட்டுப் போங்க. இல்லன்னா அவனையும் அனுப்புற மாதிரி ஆயிடும்."

"என்னையே திரும்ப எடுத்துக்கலாமேங்க."

"அறிக்கைக்கு எதிரா எப்படிங்க போறது?"

பேச்சு முழுக்க மனைவியின் காதில் விழுந்திருந்தது. அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆலையில் கொடுத்திருந்த பூட்ஸை ஏற்கெனவே திருப்பிக் கொடுத்துவிட்டதால் ஈரத் தரையில் செருப்போடு நின்றார். மச்சினன் அவர் முகத்தைப் பார்க்காமல் பீப்பாயை நகர்த்திக் கொடுத்தான். வால்வைத் திறந்தார், கையை வைத்தார். ஆலோசகர் செல்போனில் படம் பிடித்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கை மறைக்குது. இப்ப என்ன பாக்கறீங்க? சத்தமா சொல்லுங்க."

மாமா எதையும் ஒளிக்காமல் சொன்னார். அடைத்தபோது ஒரு குமிழிகூட வெளியே வரவில்லை. அடுத்ததை மச்சினன் நிரப்பினான். கொஞ்சம் நுரைத்தது. அதற்கடுத்தது சரியாக வந்தது. அவன் முகத்தில் பத்து நாளில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

ஆலோசகர் படத்தை ஓட்டிப் பார்த்தார். "அருமை சார். இதை ஒரு டிவில போட்டு இங்க மாட்டிட்டா போதும். தெருவுல போற யாரை வேணா கூப்பிட்டு நிக்க வைக்கலாம். பாதிச் சம்பளம்."

"யாரை வேணாலுமா?" என்ற முதலாளி, மச்சினனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

கேட் வரைக்கும் மச்சினன் கூடவே வந்தான். "மாமா, அந்த ஆளு டிவியப் பத்தி இப்ப சொன்னதை அக்காகிட்ட சொல்லாதீங்க."

"என்ன சொன்னாரு?" என்றார் மாமா, எதுவுமே காதில் விழாதவர்போல.

அவன் கேட்டைத் திறந்துவிட்டான்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் கேட்டாள். "தம்பிக்குக் காட்டிக் குடுத்தீங்களா?"

"நல்லா ரொப்புறான்" என்று சொல்லிவிட்டு, பீர் நாற்றம் போகக் காலைக் கழுவக் குழாயடிக்குப் போனார்.