மனைவியின் பெயரில்

சலவைக்கடைக் கழிவறைக் கதவில் ஒட்டியிருந்த எண்ணை ஃபெர்மின் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு ஸ்பானிஷிலேயே உதவி, ரகசியம் காக்கப்படும் என்று போட்டிருந்தது. மூன்று வாரமாக அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வேலை பார்த்த பால் பண்ணையில் மதியக் கறப்பு முடிந்ததும் அழைத்தான். எடுத்தவள் கிரிசெல்டா என்பவள். "சொல்லுங்கண்ணே, யாருக்கு உதவி? உங்க வீட்டுக்காரம்மாவுக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்று சொல்லிவிட்டான்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினான். கறவைக் கூடத்துக்குப் பின்னாலிருக்கும் அறை, மேஸ்திரி ரொஹேலியோ, வெளியே சொன்னால் போலீஸில் பிடித்துக்கொடுத்து மெக்சிகோவுக்கே அனுப்பிவிடுவேன் என்று அவன் மிரட்டியது. நடந்தது இவனுக்கு. சொன்னது மனைவி ஒராலியாவுக்கு நடந்ததாக. ஒராலியாவோ பிள்ளைகளோடு மெக்சிகோவில், சொந்த ஊரான மிச்சோவகானில் இருந்தாள்.

வியாழக்கிழமைதோறும் அமெரிக்காவின் விஸ்கான்சின் பனியில் சைக்கிள் மிதித்து கிரிசெல்டாவின் உதவி மையத்துக்குப் போனான். மனைவிக்கு வரக் கூச்சம் என்றான். தூக்கம் வராவிட்டால் என்ன செய்ய, குளித்துக்கொண்டே இருக்கத் தோன்றினால் அது பைத்தியமா என்று அவளுக்காகக் கேட்டான். கிரிசெல்டா பொறுமையாகப் பதில் சொல்வாள். அந்த ஒரு மணி நேரம் அவனுக்கு மூச்சு சீராக வரும்.

ஐந்தாம் வாரம் அவள் கதவைச் சாத்திவிட்டு மெல்லக் கேட்டாள்: "அண்ணே, இது உங்களுக்கு நடந்ததுதானே?"

அவன் தரையையே பார்த்தான். "எப்பத்திலேருந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரமே."

இங்குள்ள குழுவில் பெண்கள் மட்டும்தான், ஆண்களோடு பேச ஸ்பானிஷ் தெரிந்த ஆலோசகர் ஒருவர் மில்வாக்கி நகரில் இருக்கிறார், ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும், அதுவரை நானே பேசுகிறேன் என்றெல்லாம் சொன்னாள். எதுவும் அவன் காதில் ஏறவில்லை. மூன்று வாரமாக இவள் தன்னை அந்தக் கோலத்தில் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது மட்டும் உறைத்தது.

"இவனெல்லாம் ஒரு ஆம்பளையான்னு நெனச்சிருப்பீங்க."

"ஒருநாளும் இல்லண்ணே. உக்காருங்க."

அவன் குல்லாவை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அடுத்த வியாழன் போகவில்லை. அவளுடைய அழைப்புகளை அடித்து ஓய விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஒராலியா ஊரிலிருந்து போனில் பேசினாள். குரல் ஏன் கம்மியிருக்கு என்றாள். சளி என்றான். யாரிடமாவது காட்டச் சொன்னாள். சரி என்றான்.

மறுநாள் காலை வேலைக்குப் போனான். விசா காகிதமில்லாத ஆளை வேறு எவன் வேலைக்குச் சேர்ப்பான்? பண்ணை வாசலிலேயே ரொஹேலியோ நின்றுகொண்டிருந்தான்.