மாதக் கடைசி

"கால் பக்கம் நீங்க புடிங்க தம்பி, தலமாட்ட நான் தூக்கறேன்" என்று ஆம்புலன்ஸ்காரர் ஸ்ட்ரெச்சரைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டார். அப்பாவின் காலைப் பிடிக்கக் குனிந்த சுதாகர் பாதியில் நின்றான். சுவரில் காலண்டர் தொங்கியது. அதைப் பார்க்கக்கூடாது என்று விடிந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான். நினைக்க நினைக்கக் கண் அங்கேதான் போனது.

இன்று மாதக் கடைசி. நாளையிலிருந்து அப்பா ரிட்டையர்டு ஆள்.

அப்பா வேணுவுக்கு மைன்ஸில் பர்மனென்ட் வேலை. சொந்த நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்து வாங்கியது. பீடி குடித்துக் குடித்து நெஞ்சு கெட்டுப்போய், இரண்டு மாதமாகக் குவார்ட்டர்ஸில் இந்தக் கட்டிலோடு கிடந்தார். சுதாகரும் அதே மைன்ஸில்தான், ஆனால் காண்ட்ராக்ட். மீசை முளைத்தபோது சேர்ந்தவன், இப்போது மீசையில் நரை எட்டிப் பார்க்கிறது, இன்னும் காண்ட்ராக்ட்.

போன வாரம் டீக்கடையில் தொழிற்சங்கத்து ஜெயப்பிரகாஷ் பஜ்ஜியைப் பேப்பரில் வைத்து எண்ணெயை ஒற்றிக்கொண்டே கேட்டார். "அப்பாவுக்கு எப்படி இருக்குது?"

"இழுத்துக்கினு கெடக்குதுங்க."

"சர்வீஸ்ல இருக்கசொல்ல எதனா ஆச்சுன்னா புள்ளைக்கு அந்த வேலய கேக்கலாம். ஒண்ணாந்தேதி பொறந்துட்டா உனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நான் ஒண்ணும் சொல்லலப்பா, இருக்கறதச் சொன்னேன்."

சாத்தான் கொம்பும் வாலுமாக வந்திருந்தால் சுதாகர் ஓடியிருப்பான். இவர் அவன் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா இருமினால் பதறினான், இருமல் நின்றாலும் பதறினான். எதற்குப் பதறுகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

இன்று காலை மூச்சு முட்டியதும் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டது அவன்தான். அப்பா பிழைக்க வேண்டும் என்றுதான் போட்டான், அதில் பொய்யில்லை. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனால் தேறிவிடுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"என்னா தம்பி, நேரமாவுது."

அப்பாவின் வலது கை கட்டிலின் இரும்புக் குழாய்மேல் கிடந்தது. பிடித்திருக்கவில்லை, சும்மா கிடந்தது. அந்தப் பக்கம் அம்மா காந்திமதி துணிப்பையோடு நின்றிருந்தாள்.

"வர மாட்றாருங்க" என்றான் சுதாகர். "கட்டிலப் புடிச்சிகினு வுட மாட்றாரு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்குக் கேட்டது. ஆம்புலன்ஸ்காரர் குனிந்தார். "ஏங்கய்யா, போயிட்டு ரெண்டு நாள்ல வந்துடலாங்கய்யா."

அப்பா மகனைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. சின்ன வயதில் திருவிழாக் கடையில் அவன் எதையாவது கேட்டு அடம்பிடிக்கும்போது, சட்டைப் பையைத் தடவியபடி ஒரு பார்வை பார்ப்பார். அதே பார்வை. பிறகு அவர் விரல்கள் மெல்ல மடங்கின. குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"நெனவோட வேணாங்கறாரு, நாங்க என்னா பண்றது? மனசு மாறுனா கூப்புடுங்க" என்று ஸ்ட்ரெச்சரை மடக்கினார் ஆம்புலன்ஸ்காரர்.

வண்டி புங்கமர வரிசை தாண்டித் திரும்பும்வரை சுதாகர் கேட்டிலேயே நின்றான். இரண்டு தடவை வாயைத் திறந்தான். ஒரு தடவை "அண்ணா" என்றுகூடக் கூப்பிட்டான். அது அவன் காதுக்கே எட்டவில்லை. உள்ளே போனான், வெளியே வந்தான், போனை எடுத்தான், வைத்தான்.

மத்தியானம், செகண்ட் ஷிஃப்ட் பஸ் போன கொஞ்ச நேரத்தில் அப்பா அடங்கிவிட்டார். சுதாகர் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அந்த அழுகை நிஜமாக இருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

பந்தல் போடுவதற்குள் கதை வளர்ந்துவிட்டது. "நாலு பேரு இழுத்தும் கட்டில வுடலயாம்." "புள்ளைக்கு வேல கெடைக்கணும்னு உசுர வுட்டுட்டாரு மனுஷன். அப்பன்னா அவரு அப்பன்." ஜெயப்பிரகாஷ் மாலை போட்டுவிட்டு வந்து அவன் தோளைத் தட்டினார்.

"காரியம் முடியட்டும். நான் பாத்துக்கறேன்."

வேணாங்க என்று சொல்லத்தான் சுதாகர் நினைத்தான். "சரிங்க" என்றான்.

பண்ருட்டி அத்தை, அப்பாவின் தங்கை, அம்மாவைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "வூட்டு வாசல்ல வண்டி வந்து நின்னுச்சாமே அண்ணி. இட்டுக்கினு போயிருந்தா எங்கண்ணன் பொழச்சிருக்குமே. நீங்களாவது சொல்லக்கூடாதா?"

சுதாகர் அம்மாவைப் பார்த்தான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றவள் அவள். அவன் சொன்ன நேரத்தில் அந்த விரல்கள் எப்படிக் கிடந்தன என்று அவளுக்குத் தெரியும்.

அம்மா அவனைப் பார்க்கவில்லை. "அவருதாம்மா வரலன்னுட்டாரு" என்றாள். "கட்டிலப் புடிச்சிகினு வுட மாட்டன்னுட்டாரு."

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். மொட்டை அடித்துக்கொண்டு சுதாகர்தான் கொள்ளி வைத்தான்.

மறுநாள் விடிந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் காபி வந்தது. மூலையில் சுருண்டு கிடந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, அத்தைக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கையில் கொடுத்தாள். அடுத்த டம்ளரை ஊற்றினாள். மொட்டைத் தலையோடு எதிரில் உட்கார்ந்திருந்த சுதாகர் கையை நீட்டினான்.

அம்மா டம்ளரைத் தரையில் வைத்தாள். "சூடா இருக்குது, பாத்துக் குடி" என்று அவன் பக்கம் மெல்ல நகர்த்திவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.