முடியை விட மெல்லிய நாலு கம்பிகள்

என் கணவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். காலை நாலு மணிக்கு வேலை. அலாரம் கத்தினால் இன்னும் இழுத்துப் போர்த்திக்கொள்வார். பக்கத்தில் ஒரு ஆள் பேசினால் மட்டும் டக்கென்று எழுந்துவிடுவார். பதினேழு வருஷமாக அவரை எழுப்பியது தலைமாட்டில் இருந்த கடிகார ரேடியோதான். மூன்று மணிக்கு அதில் ஒருவர் கடல் நிலவரம் வாசிப்பார். எங்களுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. இருந்தாலும் அலை எத்தனை அடி என்று கேட்டுக்கொண்டே இவர் பல் துலக்கப் போவார். நான் புரண்டுகூடப் படுக்க மாட்டேன்.

அந்த ரேடியோ ஒருநாள் செத்துப்போனது. அன்று முதல் ரேடியோ நான்தான். கைப்பேசி என்னை எழுப்பும், நான் அவரை உலுக்கி, பேசி, எழுப்பி அனுப்புவேன். அவர் போன பிறகு எனக்குத் தூக்கம் போனது போனதுதான். பதினோரு நாள் இப்படி ஓடியது.

என் வேலை விக் கட்டுவது. மெல்லிய வலையில் கொக்கி ஊசியால் முடியை முடிச்சுப் போடவேண்டும். நெற்றி ஓரம் என்றால் ஒரு துளைக்கு ஒரே முடி, முடிச்சு இருப்பதே தெரியக் கூடாது. எங்கள் பட்டறையில் நெற்றி கட்டுகிறவர்கள் மூன்று பேர். அதில் நான் முதல் ஆள். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. இரண்டாவது வாரத்தில் என் விரல் ஆட ஆரம்பித்தது. ஒரு நெற்றி திரும்பி வந்தது. மேற்பார்வை பார்க்கிற அக்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, "இன்னொண்ணு இப்படி வந்துச்சுன்னா உன்னைப் பிடரிக்கு மாத்திடுவேன்" என்றார். பிடரி என்றால் துளைக்கு நாலு முடி; புதிதாகச் சேர்ந்தவர்கள் கட்டுவது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

விடுமுறை நாளன்று மதியம் கொழுந்தனை வரச்சொன்னேன். ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். குடும்பத்தில் அவருக்கு 'இன்ஜினியர்' என்று பெயர், வைத்துக்கொண்டது அவரேதான். சாப்பாட்டு மேசையில் ரேடியோவைப் பிரித்து, எரிந்துபோன ஃபியூஸை மாற்றினார். சிவப்பு எண்கள் கண் சிமிட்டின. அதோடு நிறுத்தியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருப்பதை எனக்குக் காட்டுகிறேன் என்று சர்க்யூட் பலகையை வெளியே ஒரு இழு இழுத்தார். ஆன்டெனாக் கம்பி சுற்றியிருந்த கறுப்புக் கோல் பெட்டியிலேயே நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவே இருந்த நாலு கம்பிகளும் அறுந்தன.

"அவ்வளவுதான் அண்ணி. அந்தக் கோல்தான் ஸ்டேஷனைப் பிடிக்கிறது. இந்தக் கம்பியெல்லாம் முடிய விட மெல்லிசு. மனுஷன் கையால ஆகிற வேலை இல்ல. தூக்கிப் போட்டுடுங்க."

யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்துதான் பேசினாரா, தெரியவில்லை.

"தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றேன்.

என் பூதக்கண்ணாடி விளக்கையும் இடுக்கியையும் கொண்டுவந்தேன். "எது எதோட சேரும்னு எப்படித் தெரியும்? நாலும் ஒரே பழுப்பு" என்றார் அவர். பழுப்பாம்! எங்கள் பட்டறையில் பழுப்புக்கு மட்டும் இருபத்தாறு இழுப்பறை இருக்கிறது. விளக்கடியில் ஒரு கம்பியில் மங்கின சிவப்பு தெரிந்தது, ஒன்றில் பச்சை. ஒன்று கறுப்பிலிருந்து வெளுத்தது, மற்றது செம்பின் சொந்த நிறம். பலகையில் ஒட்டிக்கொண்டிருந்த அறுந்த நுனிகளிலும் அதே நாலு நிறம். ஜோடி சேர்க்க எனக்கு இரண்டு நிமிஷம் ஆனது.

நான் இடுக்கியால் பிடிக்க, அவர் ஈயம் வைத்தார். ஈயம் உருண்டு விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி உருண்டது.

"பாத்தீங்களா?" தோற்றதில் மனுஷனுக்கு அப்படி ஒரு திருப்தி.

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் எண்ணெய்ப் பசை போகாத முடியிலும் முடிச்சு இப்படித்தான் நழுவும். "இது மேல ஏதோ பூசியிருக்கு தம்பி" என்றேன்.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "வார்னிஷ்! மறந்தே போயிட்டேன் அண்ணி" என்று பிளேடை எடுத்தார். கையைத் தட்டிவிட்டேன். ஒவ்வொரு கம்பியும் ஏழு இழை முறுக்கியது. பிளேடு பட்டால் பாதி போய்விடும். நைசான உப்புத்தாளை மடித்து, நடுவில் கம்பியை வைத்து மெல்ல இழுத்தேன். பாழாய்ப்போன விரல் ஆடியது. மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றி, மூச்சு விடும்போது மட்டும் இழுத்தேன். மூன்றாவது கம்பியில் ஒரு இழை போனது. ஆறு மிச்சம் இருந்தது, அது போதும்.

இந்த முறை ஈயம் அப்படியே பிடித்துக்கொண்டது. நாலையும் முடித்து, பெட்டியை மூடி, பிளக்கைச் சொருகினோம். யாரோ ஒரு அம்மாள் முட்டி வலிக்குப் பயிற்சி சொல்லிக்கொண்டிருந்தார், பக்கத்து அறையில் இருப்பது போல அவ்வளவு தெளிவாக. கொழுந்தன் ரேடியோவை விட்டுவிட்டு என் விரல்களையே பார்த்தார்.

அறையில் என் கணவர் மதியத் தூக்கத்தில் இருந்தார். ரேடியோவை அவர் தலைமாட்டில் சொருகி, அடுத்த ஐந்தாவது நிமிஷத்துக்கு அலாரம் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றோம். நேரம் வந்ததும் முட்டி வலி அம்மாள் பேச ஆரம்பித்தார். இவர் எழுந்தார், பல் துலக்கினார், வேலைச் சட்டையை மாட்டினார், வாசல் கதவைத் திறந்தார். வெயில் முகத்தில் அறைந்தது.

"என்ன, இப்பவே விடிஞ்சுடுச்சு?"

நாங்கள் இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவருக்குக் கோபம். "ரேடியோ எதுக்கு? நீ எழுப்புறதே நல்லாத்தானே இருந்துச்சு."

என் சிரிப்பு நின்றுவிட்டது. "நல்லா இருந்துச்சா? நீங்க போனப்புறம் ஒருநாள்கூட நான் கண்ணை மூடலை."

"நீ திரும்பப் படுத்துத் தூங்கிடுவேன்னுதான் நினைச்சேன். சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம்தான். அது தெரிந்ததால் எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது, அழுகையும் வந்தது. அவர் உள்ளே போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். தலையணையைத் தட்டிப் போட்டார். "வா, படு. சமையலை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

சாயங்காலம் நாலரைக்குப் படுத்தவள் மறுநாள் ஏழு மணிக்குத்தான் எழுந்தேன். ரேடியோ எப்போது பேசியது, அவர் எப்போது கிளம்பினார், எதுவும் எனக்குத் தெரியாது.

அன்று பட்டறையில் நான் கட்டிய நெற்றி ஓரத்தை அக்கா ஜன்னலுக்குக் கொண்டுபோனார். திருப்பிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். முடிச்சைத் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை.

"ரெண்டு வாரமா எங்கம்மா போயிருந்தே நீ?"

"வீட்லதான் இருந்தேன்க்கா, முழிச்சுக்கிட்டு" என்றேன்.